டெல்டாவில் ஓடும் காருக்குச் செராமிக் கோட்டிங் தேவையா?

தஞ்சாவூரில் எடுத்தாலும் சரி, கும்பகோணத்தில் எடுத்தாலும் சரி, புது காருக்கு முன்பணம் கட்டிய கையோடு ஒரு கேள்வி வந்துவிடுகிறது: "சார், செராமிக் பண்ணிடலாமா?" பெயின்ட்டைக் காக்க அதன்மேல் பூசும் மெல்லிய பூச்சு அது. சின்ன வண்டிக்கே பதினைந்தாயிரம், இருபதாயிரம் என்பார்கள். கூடவே டெஃப்லான் கோட்டிங், பிபிஎஃப் (பெயின்ட்டின்மேல் ஒட்டும் படலம்), அண்டர்பாடி கோட்டிங் (வண்டியின் அடிப்பக்கப் பூச்சு) என்று ஒரு பட்டியல் நீளும். வேண்டாம் என்று சொன்னால் பெயின்ட் மங்கிவிடுமோ என்ற பயம். சரி என்றால் பணம் தண்டமோ என்ற சந்தேகம். கடன் வாங்கி வண்டி எடுக்கும் குடும்பத்துக்கு இருபதாயிரம் என்பது சின்னத் தொகை இல்லை.

இதைப் பற்றிக் கிடைக்கும் ஒப்பீடுகளில் பெரும்பாலானவை பனி கொட்டும் நாடுகளையோ பெருநகரங்களையோ மனதில் வைத்து எழுதப்பட்டவை. நம் வண்டியின் பாடு வேறு. சம்பா அறுவடையில் நெல் தூசி, நாற்று நடும் காலத்தில் டிராக்டர் சிந்திப் போகும் சேறு, கிழக்கே போகப் போக உப்புக்காற்று, வீட்டு வாசலில் உப்புக் கலந்த போர் தண்ணீர். அதனால் இந்தப் பக்கத்து வண்டிகளுக்கென்றே எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டெல்டாவில் பெயின்ட்டை அதிகம் கெடுப்பது கழுவும் தண்ணீரும் துடைக்கும் துணியும்தான். அந்த இரண்டையும் திருத்தாமல் மேலே எதைப் பூசினாலும் காசு கரையும். திருத்திவிட்டால் பல வண்டிகளுக்கு விலை குறைந்த பூச்சே போதும். சில வண்டிகளுக்குச் செராமிக் உண்மையிலேயே நல்ல செலவு. எந்த வண்டிக்கு எது என்று பார்ப்போம்.

ஒரு மைக்ரான் கணக்கு

காரின் தகட்டின்மேல் பிரைமர், நிறம், அதற்கும் மேலே க்ளியர் கோட் எல்லாம் சேர்த்தே சுமார் 100 முதல் 140 மைக்ரான்தான் இருக்கும். மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான். பளபளப்பைத் தருவதும், வெயிலின் புறஊதாக் கதிரை வாங்கிக்கொண்டு நிறத்தைக் காப்பதும் அந்த க்ளியர் கோட். அது மட்டும் 40, 50 மைக்ரான். ஒரு தலைமுடியின் தடிமன்கூட வராது.

இதன்மேல் செராமிக் கோட்டிங் சேர்ப்பது ஒன்று, மிஞ்சினால் இரண்டு மைக்ரான். பிபிஎஃப் என்ற ஒட்டும் படலம் 150 முதல் 200 மைக்ரான். வாக்ஸ் ஒரு மைக்ரானைக்கூடத் தொடாது. இந்த எண்களை மனதில் வைத்துக்கொண்டால் கடையில் சொல்வதில் பாதியை நாமே எடை போட்டுவிடலாம். செராமிக் போட்டால் லாரி தெறிக்கும் ஜல்லியைத் தாங்கும் என்று யாராவது சொன்னால், ஒன்றிரண்டு மைக்ரானால் அது முடியாது என்று தெரிந்துவிடும். ஜல்லியை வாங்கிக்கொள்ளத் தடிமன் வேண்டும். அது பிபிஎஃப்பில் மட்டும்தான் இருக்கிறது.

"9எச் கடினம்" என்று டப்பாவில் பெரிதாகப் போட்டிருப்பார்கள். இது பென்சில் சோதனையில் வரும் அளவு. 6பி, எச்பி, 9எச் என்று வரிசையாகப் பென்சில்களை எடுத்துப் பூச்சின்மேல் அழுத்தி இழுப்பார்கள். 9எச் பென்சிலும் கீறவில்லை என்றால் 9எச். கனிமங்களின் கடினத்தை அளக்கும் மோ அளவுகோல் வேறு. அதில் வைரம் 10, ஆற்று மணலின் குவார்ட்ஸ் 7. டப்பாவில் இருக்கும் ஒன்பதை இந்த அளவுகோலின் ஒன்பது என்று எடுத்துக்கொண்டு, வைரத்துக்கு அடுத்தபடி என்று பேசுகிறவர்கள் உண்டு. மணல் துகள் ஒட்டிய துணியால் துடைத்தால் 9எச் பூச்சும் கீறும்.

இங்கே பெயின்ட்டுக்கு என்ன ஆகிறது

தண்ணீரில் தொடங்குவோம். டெல்டாவில் பல வீடுகளில் போர் தண்ணீர்தான். மேற்கே பரவாயில்லை, கடலோரம் நெருங்க நெருங்க உவர்ப்பு ஏறும். குடிநீருக்கான இந்தியத் தர அளவின்படி கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு தண்ணீர் இல்லாத இடத்தில் 2000 வரை அனுமதி. குடிக்கும் கணக்கு அது. கார் கண்ணாடியில் உலரவிட்டுப் பாருங்கள், 500க்கே வெள்ளை வட்டம் நன்றாகத் தெரியும். கால்சியமும் மெக்னீசியமும் தண்ணீர் ஆவியான இடத்தில் படிந்து, சூடான தகட்டில் இறுகிக்கொள்கின்றன. புதிதாக இருக்கும்போது கொஞ்சம் வினிகர் கலந்த தண்ணீரில் துடைத்தால் போகும். வெயிலில் நாள்கணக்கில் விட்டால் க்ளியர் கோட்டிலேயே வட்டமாகத் தடம் விழும்; பாலிஷ் போட்டுத்தான் எடுக்க வேண்டும்.

வீட்டில் ஆர்ஓ மெஷின் வைத்திருப்பவர்கள் அதன் கழிவுத் தண்ணீரைச் சேர்த்து வைத்துக் கார் கழுவுகிறார்கள். தண்ணீரை வீணாக்கக்கூடாது என்ற நல்ல எண்ணம்தான். ஆனால் மெஷின் வடிகட்டித் தள்ளிய உப்பு மொத்தமும் அதில்தான் இருக்கிறது. போர் தண்ணீரைவிட மோசமான தண்ணீர் அது. வாசல் தெளிக்கட்டும், மிதியடி கழுவட்டும், காருக்கு வேண்டாம்.

செராமிக் விளம்பரத்தில் சொல்லாத விஷயமும் இங்கேதான் இருக்கிறது. பூச்சின்மேல் தண்ணீர் பரவாமல் முத்து முத்தாக நிற்கும் அல்லவா, சரிவான கதவில் அது உருண்டு கீழே ஓடிவிடும். தட்டையான பானெட்டிலும் கூரையிலும் ஓடாது. ஒவ்வொரு முத்தும் நின்ற இடத்திலேயே காயும். உப்புத் தண்ணீராக இருந்தால் ஒவ்வொரு முத்துக்கும் ஒரு வெள்ளைப் பொட்டு. பூச்சு இல்லாத வண்டியில் மெல்லிய படலமாகப் படிவது, பூச்சு போட்ட வண்டியில் புள்ளி புள்ளியாகத் தெரியும். செராமிக் போட்டு மூன்று மாதத்தில் "அம்மை போட்ட மாதிரி ஆயிடுச்சு" என்று புலம்புகிறவர்களின் வண்டி பெரும்பாலும் காலை வெயிலில் ஹோஸ் பிடித்துக் கழுவி, துடைக்காமல் விட்ட வண்டியாக இருக்கும்.

அடுத்தது நெல் தூசி. தை, மாசியில் கதிர் அறுக்கும் மெஷின் வயலில் இறங்கினால் சாலை முழுக்கச் சுணை பறக்கும். கொள்முதல் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மணி நேரம் வண்டியை நிறுத்தினாலே போதும், பானெட்டில் விரலால் கோடு போடலாம். கையில் பட்டால் அரிக்கும் அந்தச் சுணையைச் சும்மா தூசி என்று நினைத்துவிடக் கூடாது. நெல் உமியை எரித்தால் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாக நிற்கும். அந்தச் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா. மண்ணிலிருந்து நெற்பயிர் உறிஞ்சிக்கொள்வது அது. ஆக, நம் ஊர்த் தூசியிலேயே நுண்ணிய உப்புத்தாள் கலந்திருக்கிறது. காலையில் அவசரமாகக் கிளம்பும்போது பழைய பனியன் துணியால் அதை உலர்ந்தபடியே துடைப்பதுதான் பெயின்ட்டுக்கு நாம் செய்யும் பெரிய கெடுதல். துடைத்த உடனே வண்டி பளிச்சென்றுதான் இருக்கும். சாயங்கால வெயிலில் சாய்த்துப் பாருங்கள், வெயில் பட்டு மின்னும் இடத்தைச் சுற்றிச் சிலந்திவலை போல வட்ட வட்டமாகக் கோடுகள் தெரியும்.

சேறு இன்னொரு வகை. டெல்டாவின் களிமண் பிடித்தால் விடாது. உழவு முடித்து வரும் டிராக்டரின் கேஜ் வீல் உதிர்த்த சேற்றில் நம் சக்கரம் ஏறும். அது வளைவுக்குள், மட்கார்டின் மடிப்புக்குள் போய் உட்காரும். வெளியே காய்ந்து உள்ளே ஈரமாகவே இருக்கும். துரு தொடங்குவது அங்கேதான். கதவுகளின் அடிப்புறத்தில் தண்ணீர் வடிய சின்னச் சின்னத் துளைகள் உண்டு. கதவைத் திறந்து குனிந்து பார்த்தால் தெரியும். அதைச் சேறு அடைத்துவிட்டால் மழைநீர் கதவுக்குள்ளேயே தேங்கும். ஒரு ஈர்க்குச்சியை எடுத்து ஒவ்வொரு துளையையும் குத்திவிடுங்கள். காசு செலவில்லாத இந்த வேலையைச் செய்யாமல் மேலே செராமிக் பூசுவதில் அர்த்தமில்லை.

உப்புக்காற்றைப் பற்றி நாகப்பட்டினம், வேதாரண்யம், காரைக்கால்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 1930இல் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்து வந்து உப்பு அள்ளிய வேதாரண்யம் பகுதியில் இன்றும் அகஸ்தியம்பள்ளி உப்பளங்கள் கண்ணுக்கெட்டிய தூரம் வரை கிடக்கின்றன. அந்தச் சாலையில் வாரம் நான்கு நாள் போய்வரும் வண்டிக்கு ஆபத்து மேல் பெயின்ட்டில் இல்லை, அடித்தளத்தில். போல்ட், சைலன்சர், சஸ்பென்ஷன் கை, தகடுகள் சேரும் மடிப்பு, இங்கெல்லாம் செராமிக் பூச்சு போவதே கிடையாது.

பறவை எச்சம் ஊருக்கெல்லாம் பொது. காகமும் கொக்கும் அடையும் மரத்தடியில் நிறுத்தினால் காலையில் பானெட் சொல்லும். எச்சத்தில் யூரிக் அமிலம் இருக்கிறது. வெயிலில் பெயின்ட் சூடாகி இளகும்போது அது உள்ளே கடித்துவிடும். செராமிக் இதற்குக் கொஞ்சம் அவகாசம் தரும். அவகாசம் மட்டும்தான், சித்திரை வெயிலில் சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் பூச்சையும் கடித்துத் தடம் போடும். வண்டிக்குள் ஒரு தண்ணீர் பாட்டிலும் மைக்ரோஃபைபர் துணியும் வைத்துக்கொள்வது எல்லாப் பூச்சுக்கும் மேலான காப்பு. எச்சத்தைத் தேய்க்காமல், ஈரத்துணியை இரண்டு நிமிடம் அதன்மேல் போட்டு ஊறவைத்து எடுக்க வேண்டும்.

வாக்ஸ், சீலன்ட், "டெஃப்லான்"

நல்ல வாக்ஸ் டப்பா ஒன்று ஐந்நூறிலிருந்து ஆயிரத்துச் சொச்சம் ரூபாய்க்குக் கிடைக்கும். ஒரு வருடத்துக்கு மேல் வரும். பூசினால் நம் வெயிலில் ஒன்றரை, இரண்டு மாதம் நிற்கும். சீலன்ட் என்பது மெழுகுக்குப் பதில் செயற்கைப் பாலிமர். நான்கைந்து மாதம் தாங்கும். இவற்றுக்கு நடுவே இப்போது சிலிக்கா கலந்த ஸ்ப்ரேக்கள் வந்திருக்கின்றன. கழுவிய ஈர வண்டியில் அடித்துத் துணியால் பரப்பிவிட வேண்டியதுதான். கடையில் போடும் செராமிக்கின் ஆயுள் இதற்கு இல்லை. ஆனால் நான்கு மாதத்துக்கு ஒருமுறை ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு மணி நேரம் ஒதுக்க முடிந்தவருக்கு இதைவிடக் கணக்குக் கட்டும் வழி இல்லை என்பது என் எண்ணம்.

டெஃப்லான் கோட்டிங் பற்றி ஒரு வார்த்தை. தோசைக்கல்லில் இருக்கும் டெஃப்லான் 327 டிகிரியில் உருகும் பொருள். அதற்கும் மேலே சூடேற்றித்தான் அதைக் கல்லில் பிடிக்க வைக்கிறார்கள். கார் பெயின்ட்டை அந்தச் சூட்டுக்குக் கொண்டுபோக முடியாது. அந்தப் பெயரில் கார்மேல் பூசப்படுவது சாதாரண பாலிமர் சீலன்ட் வகைதான். சீலன்ட் விலைக்குக் கிடைத்தால் வாங்கலாம். நாலாயிரம், ஐயாயிரம் கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

செராமிக் உண்மையில் தருவது என்ன

நல்ல கடையில், நல்ல கையால் போட்ட செராமிக் கோட்டிங்கை நான் மதிக்கிறேன். அது க்ளியர் கோட்டோடு வேதிப் பிணைப்பில் ஒட்டிக்கொள்கிறது. வாக்ஸ் போல ஷாம்பூவில் கரைந்து போகாது. சேறும் பூச்சியும் எளிதில் கழன்றுவிடும். இரவில் வயல் நடுவே ஓட்டி வந்தால் விளக்கைச் சுற்றி அப்பிக்கொள்ளும் பூச்சிக் கூட்டத்தை மறுநாள் காலையில் தண்ணீரை அடித்தே பாதிக்கு மேல் எடுத்துவிடலாம். தேய்ப்பது குறைகிறது, தேய்ப்பது குறைந்தால் கீறல் குறைகிறது. செராமிக்கின் பெரிய லாபம் என்று நான் நினைப்பது இதைத்தான். பளபளப்பு அடுத்ததுதான்.

அந்தப் பளபளப்பிலும் ஒரு நுணுக்கம் உண்டு. கோட்டிங் முடிந்து வெளியே வரும் வண்டி கண்ணாடி போல மின்னுவதற்குக் காரணம் பெரும்பாலும் அதற்கு முன் செய்த பாலிஷ். கழுவி, இரும்புத் துகளைக் கரைக்கும் மருந்து அடித்து, களிமண் கட்டி போன்ற கிளே பாரால் தேய்த்து ஒட்டியவற்றை எடுத்து, அதன்பின் மெஷினால் பாலிஷ் போடுவார்கள். அந்த மருந்து அடித்தவுடன் கதவின் கீழ்ப்பகுதியில் ஊதா நிறமாக வடியும்; பிரேக்கிலிருந்து பறந்து வந்து பெயின்ட்டில் குத்தி நிற்கும் இரும்புத் துகள் கரைகிறது என்று அர்த்தம். பாலிஷ் ஒவ்வொரு முறையும் க்ளியர் கோட்டில் சில மைக்ரானைச் சீவி எடுக்கும். இருப்பதே 40, 50 என்பதால் அதை அடிக்கடி செய்யக் கூடாது. ஆகவே செராமிக் விலையில் பாதிக்கு மேல் இந்த முன்வேலைக்குத்தான். முன்வேலையில்லாமல் அரை நாளில் போட்டுத் தருகிறேன் என்கிற கடை, அழுக்கையும் கீறலையும் உள்ளே வைத்து மூடித் தருகிறது.

புது வண்டிக்குக் கடும் பாலிஷ் தேவைப்படாது. மேலோட்டமான ஒரு சுற்றுப் போதும். எட்டு வருடப் பழைய வண்டிக்குக் கீறல்களை எடுக்க ஆழமாகச் சீவ வேண்டியிருக்கும். ஏற்கெனவே ஒருமுறை பாலிஷ் பார்த்த வண்டி என்றால், பெயின்ட் தடிமன் அளக்கும் மீட்டர் வைத்துப் பார்க்காமல் யாரையும் மெஷினைத் தொட விடாதீர்கள்.

ஆயுளைப் பொறுத்தவரை, ஐந்து வருட வாரன்ட்டி என்ற அட்டையைத் திருப்பிப் பின்பக்கம் படியுங்கள். வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை அதே கடையில் காசு கட்டிப் பராமரிப்பு செய்ய வேண்டும் என்றிருக்கும். தண்ணீர்க் கறை, பறவை எச்சம், கல் தெறிப்பு சேராது என்றும் இருக்கும். டெல்டாவில் நமக்கு வரும் தொல்லைகளே அவைதான். ஒழுங்காகக் கழுவும் வண்டியில் இரண்டு மூன்று வருடம் நன்றாக வேலை செய்தால் கொடுத்த காசு வந்துவிட்டது என்று நான் எடுத்துக்கொள்வேன்.

வண்டியின் நிறத்தையும் பாருங்கள். கறுப்பு, அடர் நீலம், அடர் சிவப்பு வண்டிகளில் ஒவ்வொரு கோடும் தெரியும்; அங்கே செராமிக்குக்குக் கொடுக்கும் பணம் தினமும் கண்ணுக்குத் தெரியும். நம் பக்கம் அதிகம் ஓடும் வெள்ளையிலும் சில்வரிலும் கீறல் அவ்வளவாகத் தெரியாது. வெள்ளைக்குப் பிரச்சினை பழுப்புக் கறையும் துருப் புள்ளியும். அதற்கு நல்ல சீலன்ட் போதும்.

பிபிஎஃப்

முழு வண்டிக்கும் பிபிஎஃப் ஒட்ட எழுபதாயிரத்தில் தொடங்கி ஒன்றரை லட்சத்தைத் தாண்டும். ஆறேழு லட்ச ரூபாய் வண்டிக்கு அது பொருந்தாத செலவு. ஆனால் முன்பக்கம் மட்டும் ஒட்டலாம் என்பதைக் கடைகளில் தாமாகச் சொல்ல மாட்டார்கள். நாம்தான் கேட்க வேண்டும். பம்பர், பானெட், சைடு மிரர், கதவு விளிம்பு, கைப்பிடிக் குழி. கைப்பிடிக் குழியில் மோதிரமும் வளையலும் போடும் கீறலைப் பார்த்திருப்பீர்கள். இந்த இடங்களுக்கு மட்டும் ஒட்டினால் செலவு பாதிக்கும் கீழே வரும்.

திருச்சிக்கும் சென்னைக்கும் அடிக்கடி நான்குவழிச் சாலையில் போகிறவர்களுக்கும், சாலை வேலை நடக்கும் தடத்தில் ஜல்லி லாரிகளுக்குப் பின்னால் தினமும் ஓட்டுகிறவர்களுக்கும் இது செராமிக்கைவிட நல்ல செலவு. படலம் பாலியூரித்தேன் வகைதானா என்று கேட்டுக்கொள்ளுங்கள்; மெல்லிய கீறல் வெயில் சூட்டில் தானாக மறைவது அந்த வகையில்தான். விலை மலிந்த பிவிசி படலம் நம் வெயிலில் மஞ்சளாகும், பிறகு உரிக்கும்போது பசை நிற்கும். பட்டறையில் மறுபடி பெயின்ட் அடித்த பாகத்தில் பிபிஎஃப் ஒட்டாமல் இருப்பது நல்லது. உரிக்கும்போது பெயின்ட்டும் சேர்ந்து வரலாம்.

அப்படியானால் யாருக்கு எது

தஞ்சை, கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர் போன்ற ஊருக்குள் வீடு, போர்ட்டிகோவில் நிழல், வண்டியைத் தானே கழுவும் பழக்கம், அடர்நிறப் புது வண்டி, எட்டு பத்து வருடம் வைத்திருக்கும் எண்ணம்: தாராளமாகச் செராமிக் போடுங்கள். இதில் எனக்குத் தயக்கமே இல்லை.

அதே புது வண்டி, ஆனால் தெருவில் மரத்தடியில் நிற்கிறது, கழுவுவது வாட்டர் வாஷ் கடையில் என்றால் போடாதீர்கள். நூற்றுக்கணக்கான வண்டிகளைத் துடைத்த அதே ஸ்பாஞ்ச்தான் உங்கள் வண்டிமேலும் வரும். காலையில் மணல் லாரியைத் தேய்த்த ஸ்பாஞ்சாகவும் இருக்கலாம். அந்த இருபதாயிரத்தில் ஒரு சின்ன பிரஷர் வாஷர், இரண்டு வாளி, நல்ல ஷாம்பூ, அரை டஜன் மைக்ரோஃபைபர் துணி, ஒரு சிலிக்கா ஸ்ப்ரே எல்லாம் வாங்கி, முன்பக்கக் கூரை போட முன்பணமும் கொடுக்கலாம்.

நாகை, வேதாரண்யம், காரைக்கால், தரங்கம்பாடிப் பக்கம் என்றால் முதல் செலவு அண்டர்பாடி. ரப்பர் கலந்த தார் வகைப் பூச்சு தடிமனாக இருக்கும், கல் அடியைத் தாங்கும். ஆனால் ஓரிடத்தில் விரிசல் விட்டால் உப்புத் தண்ணீர் உள்ளே புகுந்து, வெளியே தெரியாமல் தகட்டைத் தின்னும். மெழுகு வகைப் பூச்சு மடிப்புகளுக்குள் ஊறிப்போகும்; ஒன்றிரண்டு வருடத்துக்கு ஒருமுறை மறுபடி அடிக்க வேண்டும். உப்பளச் சாலைக்கு நான் மெழுகு வகையைத்தான் சொல்வேன். எதைப் போட்டாலும் வாரம் ஒருமுறை அடிப்பக்கம் நல்ல தண்ணீரால் கழுவுவது முக்கியம். மேல் பெயின்ட்டுக்குச் சீலன்ட் போதும்.

வாட்டர் வாஷ் கடையில் கழுவி முடித்ததும் "அண்ணே, அடியில டீசல் அடிச்சிடவா?" என்று தம்பிகள் கேட்பார்கள். அன்புடன் மறுத்துவிடுங்கள். டீசல் பட்டால் ரப்பர் புஷ்கள் உப்பி இளகும், அந்தப் பிசுக்கில் தூசி அப்பிக்கொள்ளும். துருவைத் தடுப்பது கொஞ்ச நாளைக்குத்தான்.

அரியலூர்ப் பக்கம் சிமென்ட் லாரிகள் ஓடும் சாலையில் தினமும் போய்வருகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. சிமென்ட் தூசி காரத்தன்மை உள்ளது. மழையோ பனியோ பட்டால் இறுகிப்போகும். பூச்சு எதுவானாலும் அன்றைக்கே தண்ணீர் ஊற்றிவிட வேண்டும். இங்கே செராமிக் கொஞ்சம் கூடுதலாகவே உதவும், ஏனென்றால் தூசி ஒட்டுவது குறைவு.

ஆறேழு வருடப் பழைய வண்டி, இன்னும் இரண்டு வருடத்தில் விற்கப் போகிறீர்கள்: ஒருமுறை மென்மையான பாலிஷ், பிறகு வாக்ஸ். விற்கும்போது செராமிக்குக்கென்று யாரும் விலை கூட்டித் தர மாட்டார்கள். துருவைப் பார்த்தால் குறைப்பார்கள்.

கழுவும் முறை

முதலில் துணியே படாமல் தண்ணீரை மேலிருந்து அடித்துச் சேறும் சுணையும் ஓடிப்போகும்வரை விடுங்கள். ஒரு வாளியில் காரமும் அமிலமும் இல்லாத கார் ஷாம்பூ, இன்னொரு வாளியில் வெறும் தண்ணீர். துணியை ஷாம்பூவில் நனைத்து ஒரு பாகம் துடைத்ததும் வெறும் தண்ணீர் வாளியில் அலசிய பிறகே மறுபடி ஷாம்பூவில் போட வேண்டும். அந்த இரண்டாம் வாளியின் அடியில் சேரும் மணலைப் பார்த்தால் ஏன் இந்தப் பாடு என்று புரிந்துவிடும். பாத்திரம் கழுவும் சோப்பு வாக்ஸையும் சீலன்ட்டையும் எடுத்துவிடும். கழுவுவது வெயிலுக்கு முன்பு அல்லது சாயங்காலம்; தகடு கைக்குச் சுடக் கூடாது.

கடைசி அலசல்தான் முக்கியம். முன்னே எல்லாம் போர் தண்ணீராக இருந்தாலும் கடைசி ஒரு வாளி நல்ல தண்ணீராக இருக்கட்டும். ஐப்பசி, கார்த்திகையில் மொட்டை மாடியிலிருந்து வரும் மழைநீரை ஒரு டிரம்மில் பிடித்து வைத்தால் அதற்கு இணையில்லை. கொள்ளிடத் தண்ணீர் குழாயில் வரும் வீடுகளில் ஒரு வாளி எடுத்துக்கொள்ளலாம். தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. கோட்டிங் போட முடிவு செய்வதற்கு முன் உங்கள் வீட்டுத் தண்ணீரை அதில் பார்த்துவிடுங்கள். ஆயிரத்துக்கு மேல் காட்டி, வேறு தண்ணீருக்கும் வழியில்லை என்றால், செராமிக் போட வேண்டாம் என்பதே என் யோசனை. அலசியதும் காயவிடாமல் உடனே மைக்ரோஃபைபரால் ஒற்றி எடுக்க வேண்டும்.

கவர் போட்டு மூடுகிறவர்கள், தூசியுள்ள வண்டியை மூடாதீர்கள். ஆடிக் காற்றில் கவர் அசைந்து அசைந்து உள்ளே இருக்கும் தூசியாலேயே வண்டியைத் தேய்க்கும்.

எப்போது போடுவது

செராமிக் என்று முடிவானால் காலத்தையும் பாருங்கள். பூச்சு காற்றின் ஈரத்தோடு சேர்ந்து இறுகுவது. போட்ட முதல் ஒரு நாள் ஒரு சொட்டுத் தண்ணீர் படக் கூடாது. முழுதாக இறுக ஒரு வாரம் ஆகும், அதுவரை ஷாம்பூ கூடாது. அதனால் வடகிழக்குப் பருவமழை பெய்யும் ஐப்பசி, கார்த்திகையில், மூடிய கூடமும் அகச்சிவப்பு விளக்கும் இல்லாத கடையில் போடவே வேண்டாம். சித்திரைக் கத்திரியில் தகரக் கொட்டகைக்குள் போட்டால் துடைத்துச் சமப்படுத்துவதற்குள் பூச்சு இறுகி, அங்கங்கே திட்டுத்திட்டாக எண்ணெய்க் கறை போல நின்றுவிடும். அறுவடைத் தூசி அடங்கிய பங்குனியின் தொடக்கம் நல்ல நேரம். வண்டியை எடுக்கும்போது டியூப் லைட்டுக்குக் கீழே சாய்வாக நின்று ஒவ்வொரு பாகமாகப் பாருங்கள். திட்டு இருந்தால் அன்றைக்கே சொல்லிச் சரிசெய்துகொள்ள வேண்டும், ஒரு வாரம் கழித்துப் போனால் மறுபடி மெஷின் வைத்துச் சீவத்தான் முடியும்.

புது வண்டி என்றால் பூசையை முதலில் முடித்துவிடுங்கள். கோயில் வாசலில் பானெட்டின்மேல் சந்தனமும் குங்குமமும் வைப்பார்கள், மாலையைக் கம்பியோ நைலான் கயிறோ கொண்டு கட்டுவார்கள். இறுகாத பூச்சின்மேல் அது அப்படியே தடம் போட்டுவிடும். ஷோரூமில் "பூசைக்கு முன்னாடியே கோட்டிங் முடிச்சுக் கொடுத்துடறோம்" என்றால் வேண்டாம் என்று சொல்லி, பூசை முடிந்து ஒரு வாரத்துக்குள் நாள் கேளுங்கள். சந்தனம் காய்வதற்குள் ஈரத்துணியை அதன்மேல் வைத்து ஊறவிட்டு எடுத்துவிட வேண்டும். காய்ந்த பிறகு பெரியவர்கள் நகத்தால் சுரண்டுவார்கள். வண்டியின் முதல் கீறல் பல வீடுகளில் அப்படித்தான் விழுகிறது.